ஸ்காட்லாந்து மூதாதையரைத் தேடுவோருக்கு: கல்லறையும் பழைய உள்ளூர்ப் பத்திரிகையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தேடலை எங்கே தொடங்குவது? பிறப்பிலிருந்தா, இறப்பிலிருந்தா?

இறப்பிலிருந்துதான். குழந்தை பிறக்கும்போது அதற்குச் சொந்தம் என்று எழுத அப்பா, அம்மா பெயர் மட்டுமே இருக்கும். அதே ஆள் இறக்கும்போது தொழில், முகவரி, கணவர் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமகன், கடல் கடந்துபோன தம்பி என்று ஒரு வாழ்க்கை முழுவதும் கூடவே நிற்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு சாவு நான்கு இடங்களில் தடம் விட்டிருக்கலாம்: அரசின் இறப்புப் பதிவு, கிர்க்கின் கணக்குப் புத்தகம், கல்லறைக் கல், உள்ளூர்ப் பத்திரிகை. கிர்க் என்பது தேவாலயத்துக்கு ஸ்காட்டியர் சொல்லும் பெயர். சென்னை எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானதுதான்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கல்லில் இல்லாதது பத்திரிகையில் இருக்கும். பத்திரிகை சொல்லாமல் விட்ட மகளின் பெயர் கல்லில் இருக்கும்.

எல்லோரும் 1855 என்கிறார்களே, ஏன்?

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசே கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அந்த முதல் வருடம் எழுதிய விவரம் போல அதற்குப் பிறகு என்றுமே எழுதவில்லை. இறந்தவர் எங்கே பிறந்தார், அந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தார், பெற்றோர் யார், அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், யாரை மணந்தார், பிள்ளைகள் பெயரும் வயதும், எந்த இடத்தில் அடக்கம் என எல்லாமே படிவத்தில் இருந்தன. இவ்வளவையும் எழுதிச் சமாளிக்க முடியாமல் மறுவருடமே பல கட்டங்களை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அடக்கம் செய்த இடம் 1860 வரை தொடர்ந்து பதிவானது. 1861-இல் அது போய், கணவர் அல்லது மனைவியின் பெயர் திரும்ப வந்தது.

அதனால் உங்கள் நேர் முன்னோர் 1855-இல் இறக்காவிட்டாலும் பரவாயில்லை, அவருடைய அண்ணனோ அக்காவோ அந்த வருடம் இறந்தார்களா என்று பாருங்கள். அண்ணனின் பெற்றோர்தான் உங்கள் ஆளுக்கும் பெற்றோர். 1790-களில் வாழ்ந்த ஒரு தாயின் பெயர் இப்படிப் பக்கவழியில் கிடைப்பதுண்டு.

இந்தப் பதிவுகள் ஸ்காட்லாந்துஸ்பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் உள்ளன. பதிவின் படத்தைப் பார்க்கக் கட்டணம் உண்டு. இறப்புப் பதிவின் படம் 50 வருடம் கழிந்த பிறகுதான் இணையத்தில் திறக்கும். திருமணத்துக்கு 75, பிறப்புக்கு 100.

1855-க்கு முன்னால் அடக்கப் பதிவேடே இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் கதை முடிந்ததா?

முடியவில்லை. தேடும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பழைய பாரிஷ் பதிவேடுகளை கிர்க் வைத்திருந்தது. பாரிஷ் என்பது ஒரு கிர்க்கின் கீழ் வரும் ஊர்ப் பகுதி. அவற்றுள் மிகப் பழையது பெர்த்ஷயரின் எரல் ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது. ஞானஸ்நானமும் திருமணமும் ஓரளவு ஒழுங்காக எழுதப்பட்டன. அடக்கம்தான் அக்கறையில்லாமல் விடப்பட்டது. பல ஊர்களில் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. புராட்டஸ்டன்ட் மதச் சீர்திருத்தத்துக்குப் பின் ஸ்காட்லாந்தின் கிர்க், இறந்தவருக்காகப் பெரிய சடங்கு செய்வதை ஊக்குவிக்கவில்லை. சடங்கில்லாத இடத்தில் எழுத்தரும் பேனாவை எடுக்கவில்லை.

ஆனால் எங்கே காசு கைமாறியதோ அங்கே பெயர் எழுதப்பட்டது. என்னைக் கேட்டால், 1855-க்கு முந்தைய ஸ்காட்லாந்துத் தேடலுக்கு இந்த ஒரு விதி போதும்.

மார்ட்கிளாத் என்று ஒரு துணி உண்டு. இடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது உடல்மீது அல்லது பெட்டிமீது போர்த்துவது. பெரும்பாலும் கருப்பு வெல்வெட். அது கிர்க்கின் சொத்து, வாடகைக்குத் தருவார்கள். நல்ல துணிக்கு ஒரு விலை, பழைய துணிக்கு ஒரு விலை, குழந்தைகளுக்குச் சிறிய துணி. வந்த காசு ஊர் ஏழைகளுக்குப் போனது. ஏழைகளின் காசு என்பதால் கணக்கு கறாராக இருந்தது: இன்ன தேதி, இன்னாருடைய குழந்தைக்குத் துணி, இவ்வளவு காசு. அடக்கப் பதிவேடு இல்லாத ஊரில் இந்தக் கணக்குதான் நமக்கு அடக்கப் பதிவேடு. கிர்க் செஷன் என்ற தேவாலய சபையின் குறிப்புகளில் இது இருக்கும். அந்தப் பக்கங்களை ஸ்காட்லாந்துஸ்பீப்பிளில் இப்போது காசில்லாமலே புரட்டலாம். பெயர் போட்டுத் தேட வசதியில்லை, ஒவ்வொரு பக்கமாகப் படிக்க வேண்டும். ஊர் தெரிந்திருந்தால் அந்த உழைப்பு வீண்போகாது.

இரண்டு எச்சரிக்கைகள். துணி எடுத்த தேதி அடக்கத் தேதி. இறந்த தேதி அல்ல. அடுத்தது, நெசவாளர், கொல்லர் போன்ற கைத்தொழிலாளரின் சில சங்கங்களும் சொந்தமாகத் துணி வைத்திருந்தன. அங்கே வாடகைக்கு எடுத்தவர் கிர்க் கணக்கில் வரமாட்டார்.

1783 முதல் 1794 வரை இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி போட்டார்கள். பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்தது. வரி கொடுக்க மனமில்லாத பலர் பதியவே இல்லை. அந்தப் பதினோரு வருடத்தில் உங்கள் குடும்பம் திடீரென மறைந்தால் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள்.

கல்லறைக் கல்லில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் பெண்ணின் பெயர். ஸ்காட்லாந்தில் மணமான பெண் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரைச் சட்டப்படி இழக்கவில்லை. கல்லிலும் அந்தப் பெயரே வரும்: ஜேனட் ராபர்ட்சன், இன்னாரின் மனைவி என்று. ஒரே வரியில் அடுத்த குடும்பத்துக்கும் வாசல் திறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் தேடுவோர் இந்த வசதிக்கு ஏங்குவார்கள். ரெலிக்ட் என்ற சொல்லைப் பார்த்தால் விதவை என்று பொருள். கணவர் முன்னமே போய்விட்டார்.

அடுத்து, கல்லை நட்டவர் யார் என்ற வரி. பழைய கற்களில் அது முதலிலேயே வரும். மகன் கனடாவிலிருந்து பணம் அனுப்பி நட்டிருந்தால் அதையும் எழுதியிருப்பார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கற்களில் எழுத்து குறைவு, படம் அதிகம். மண்டையோடு, குறுக்கெலும்பு, மணல் கடிகாரம், சிறகுள்ள முகம் ஆகியவை சாவையும் ஆன்மாவையும் நினைவூட்டுபவை, எல்லோருக்கும் பொது. நமக்கு வேண்டியது தொழில் சின்னம். கிரீடம் வைத்த சுத்தியல் என்றால் கொல்லர் முதலான உலோகத் தொழிலாளர். தறியில் ஓடும் நாடா என்றால் நெசவாளர். ரொட்டி எடுக்கும் நீண்ட அகப்பை என்றால் அடுமனைக்காரர். ஏர் என்றால் உழவர். கணவன் மனைவி இருவரின் முதலெழுத்தும் ஒரு வருடமும் மட்டுமே உள்ள கல்லில், இந்தச் சின்னம்தான் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்துக் காட்டும்.

பெயரோடு பண்ணையின் பெயரும் இருந்தால் அதைக் குறித்துவையுங்கள். பின்னால் பத்திரிகையில் தேட உதவும்.

கல்லே இல்லையே?

பெரும்பாலோருக்குக் கல் கிடையாது. கல் நடுவதற்குக் காசு வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கல்லை மட்டும் நம்பித் தேடினால் வசதியுள்ளவர்களின் ஸ்காட்லாந்தை மட்டுமே பார்ப்போம்.

கல் இல்லாவிட்டாலும் குழி இருந்தது. அடக்கத்துக்கு உரிய நிலத்துண்டை லேர் என்பார்கள். யாருடைய லேர், அதில் யார் யாரை எப்போது வைத்தார்கள் என்ற பதிவேடு இப்போது அந்தந்தப் பகுதி மன்றத்திடம் இருக்கும். ஒரே லேரில் வேறு குடும்பப் பெயர்க்காரர் ஒருவர் கிடந்தால் விடாதீர்கள். மருமகனாகவோ தாயின் சகோதரனாகவோ இருக்கக்கூடும்.

ஏழைகளுக்கு வேறொரு வழி உண்டு. 1845-இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் பாரிஷ் வாரியம் உதவி கேட்டு வந்தவர்களின் விவரத்தை எழுதிவைத்தது. கிளாஸ்கோவின் விண்ணப்பங்கள் மிட்செல் நூலகத்தில் உள்ள நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், நோய் என்று அவற்றில் உள்ள விவரம் எந்தக் கல்லிலும் கிடைக்காது.

சில கல்லறைகளில் இரும்புக் கூண்டு இருக்கிறதே, அது எதற்கு?

பிணத் திருடர்களுக்குப் பயந்து. மருத்துவப் பள்ளிகளுக்கு உடல் வேண்டியிருந்தது. சட்டப்படி கிடைத்தது மிகக் கொஞ்சம். புதிதாக அடக்கம் செய்த உடலை இரவில் தோண்டி விற்றார்கள். எடின்பரோவில் 1828-இல் பிடிபட்ட பர்க், ஹேர் இருவரும் தோண்டவே இல்லை. 16 பேரைக் கொன்றே விற்றார்கள். 1832-இல் உடற்கூறியல் சட்டம் வந்த பிறகுதான் இந்தப் பயம் மெல்ல அடங்கியது.

அந்தக் கூண்டின் பெயர் மார்ட்சேஃப். எடின்பரோ கிரேஃபிரையர்ஸ் இடுகாட்டில் இன்றும் பார்க்கலாம். உடல் அழுகி விலைபோகாத நிலைக்கு வரும்வரை சில வாரம் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கொடுப்பார்கள். அபர்தீன்ஷயரின் உட்னி கிரீனில் சுழலும் மேடையோடு ஒரு வட்டமான பிணக்காப்பறையே கட்டினார்கள். தேடுபவருக்கு இதில் ஒரு பாடம்: இறந்த தேதிக்கும் அடக்கத் தேதிக்கும் பல வார இடைவெளி இருந்தால் அது எழுத்தரின் பிழை என்று திருத்திவிடாதீர்கள். உடல் காப்பறையில் காத்திருந்திருக்கலாம்.

இறுதிச் சடங்கைத் தெரிந்துகொள்வதால் வம்சாவளிக்கு என்ன பயன்?

நிறைய. யார் எங்கே நின்றார்கள் என்பதே உறவுமுறை.

சாவு நடந்ததும் மணிக்காரர் கைமணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிப் போவார். நம் ஊரில் கேதம் சொல்ல ஆள் போவது போல. வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள், உடலின் மார்பில் உப்புத் தட்டு வைப்பார்கள். இரவெல்லாம் கூட இருந்து விழிப்பார்கள். உடலைப் பெட்டியில் வைப்பது கிஸ்டிங் எனப்படும் தனிச் சடங்கு. 1686-இல் ஸ்காட்டிய லினன் துணியில்தான் சுற்ற வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1707-இல் அதைக் கம்பளித் துணி என்று மாற்றினார்கள். எல்லாம் உள்நாட்டு நெசவைக் காப்பாற்றத்தான்.

நமக்கு மிகவும் பயன்படுவது கயிறு. பெட்டியைக் குழிக்குள் இறக்க அதைச் சுற்றிக் கயிறுகள் கட்டியிருக்கும். தலைமாட்டுக் கயிறு மூத்த மகனுக்கு அல்லது மிக நெருங்கிய ஆண் உறவினருக்கு. மற்றவை உறவின் நெருக்கத்தைப் பார்த்துப் பங்கிடப்படும். எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்ட சிறு அட்டை கொடுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. பழைய பெட்டியில் அப்படி ஓர் அட்டை கிடைத்தால் அது குடும்ப மரத்தின் ஒரு கிளை. ஊரில் பெயருள்ளவர் இறந்தால் பத்திரிகையே பெட்டியைத் தாங்கியவர்களின் பட்டியலை மகன், மருமகன், மைத்துனன் என்று முறை சொல்லி வெளியிட்டது.

பெண்கள் வழக்கமாகக் குழிமேட்டுக்குப் போகவில்லை, வீட்டிலேயே இருந்தார்கள். அதனால் அந்தப் பட்டியலில் மகள்கள் இல்லை என்பதற்காக மகள்களே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இந்தத் தவறு பல குடும்ப மரங்களில் நடக்கிறது.

இன்னொன்று. ஹைலாண்ட்ஸ் பகுதியில் மலை கடந்து பல மைல் சுமந்துபோய் முன்னோர் கிடக்கும் இடத்திலேயே அடக்கம் செய்வார்கள். சுமந்தவர்கள் இளைப்பாறிய இடங்களில் கற்குவியல்கள் இன்றும் நிற்கின்றன. இறந்த ஊரில் கல்லறை இல்லையென்றால், தந்தையின் ஊரில் பாருங்கள். பெண் என்றால் பிறந்த வீட்டாரின் ஊரையும் சேர்த்து.

எந்தப் பத்திரிகையில் தேட வேண்டும்?

நாட்டளவில் பெரிய பத்திரிகையில் அல்ல, இறந்தவர் சந்தைக்குப் போன ஊரின் பத்திரிகையில். அபர்தீன் ஜர்னல் 1740-களின் இறுதியிலிருந்தே வந்தது. இன்வர்னெஸ் கூரியர் 1817, விக் ஊரின் ஜான் ஓ குரோட் ஜர்னல் 1836, ஆர்க்னி தீவுகளின் ஆர்கேடியன் 1854, ஷெட்லாந்து டைம்ஸ் 1872. பத்திரிகை மீதான முத்திரை வரி 1855-இல் நீங்கியதும் விலை குறைந்து சிறு ஊர்களிலும் பத்திரிகைகள் முளைத்தன. அதே 1855! அரசுப் பதிவும் மலிவுப் பத்திரிகையும் ஒரே வருடத்தில் வந்தது நம் அதிர்ஷ்டம்.

இணையத்தில் பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ் 2011 முதல் இருக்கிறது. தேடக் காசில்லை, பெரும்பாலான பக்கங்களைத் திறக்கத்தான் கட்டணம். முதலில் இலவசமாகத் தேடித் தேதிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு மாதச் சந்தா கட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பாருங்கள். கிளாஸ்கோ ஹெரால்டின் பழைய இதழ்கள் கூகுளின் பத்திரிகைக் காப்பகத்திலும் தேதிவாரியாக உண்டு.

ஒரு மரண அறிவிப்பை எப்படி வாசிப்பது?

நம் பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தலைப் பாருங்கள்: இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், கனடாவில் இருக்கும் இன்னாரின் தாயாரும் என்று முறை சொல்லி நீளும். ஸ்காட்டிய அறிவிப்பு மூன்று நான்கு வரிதான். அதனால் ஒவ்வொரு சொல்லும் எடையுள்ளது.

தேதியோடு இன்ஸ்ட் என்றிருந்தால் நடப்பு மாதம், அல்ட் என்றிருந்தால் சென்ற மாதம். மாதத் தொடக்கத்து இதழில் இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் தவறாக எழுதுவது மிகச் சாதாரணம். முகவரி யாருடையது என்று பாருங்கள். கிழவி மகள் வீட்டில் இறந்திருந்தால் மருமகனின் பெயர் அங்கே கிடைக்கும். ஊர்வலம் எந்த வீட்டிலிருந்து எந்த இடுகாட்டுக்கு என்று இருந்தால் லேரைத் தேட வழி கிடைத்துவிட்டது.

கடைசியில் சில நேரம் ஒரு சிறு வேண்டுகோள் இருக்கும்: அமெரிக்கப் பத்திரிகைகள் இதை எடுத்து வெளியிடவும், அல்லது காலனிப் பத்திரிகைகள் வெளியிடவும் என்று. அந்த ஒரு வரி அங்கே உறவினர் இருந்ததற்குச் சாட்சி. சென்ற நூற்றாண்டின் நினைவஞ்சலிகளையும் விடாதீர்கள். வருட நினைவு நாளில் ஒரு கவிதை, கீழே அதைப் போட்ட தாயின் அல்லது தங்கையின் முகவரி.

பெயரைப் போட்டுத் தேடினால் எதுவுமே வரவில்லை. என்ன செய்வது?

கணினி பழைய அச்சைத் தப்பாகப் படிக்கிறது. மேக் என்று தொடங்கும் பெயர்களைப் பழைய அச்சகங்கள் எம் எழுத்தும் ஒரு மேற்குறியும் மட்டும் போட்டு அச்சிட்டன. மெக்டொனால்டை அப்படியும் தேடுங்கள். 1800-க்கு முந்தைய இதழ்களில் எஸ் எழுத்து எஃப் போலத் தெரியும், அதனால் ராஸ், பெய்ஸ்லி எல்லாம் வேறு எழுத்தில் கிடக்கும்.

சரி, அதுவும் பலிக்கவில்லையா? ஆளை விட்டுவிட்டுப் பண்ணையைத் தேடுங்கள், தெருவைத் தேடுங்கள். குடியானவரை ஊரே பண்ணைப் பெயரால்தான் அழைத்தது. வடகிழக்கு மீனவ ஊர்களான பக்கி, ஃபின்டாக்டி போன்றவற்றில் பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் டீ-நேம் என்ற பட்டப்பெயர் வைத்தார்கள். அது அரசுப் பதிவிலேயே ஏறியது.

ஒரே குடும்பத்தில் தலைமுறைதோறும் அதே பெயர் வருகிறதே?

நமக்கு இது புரியாமல் போகாது. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பரவலான வழக்கம். குழந்தை இறந்துவிட்டால் அடுத்ததற்கு அதே பெயரை மறுபடி வைத்தார்கள். கல்லில் இரண்டு அலெக்சாண்டர்கள் இருந்தால் கொத்தியவரின் பிழை அல்ல. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக அல்ல.

விபத்தில் இறந்தவரைப் பற்றித் தனியாகத் தேட வேண்டுமா?

வேண்டும். ஸ்காட்லாந்தில் இங்கிலாந்து போலக் கொரோனர் என்ற மரண விசாரணை அதிகாரி நடத்தும் விசாரணை கிடையாது. புரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர் விசாரித்தார், பெரும்பாலும் மூடிய கதவுக்குள். அவருடைய முடிவு இறப்புப் பதிவோடு இணைந்த திருத்தப் பதிவேட்டில் இருக்கும். பதிவின் ஓரத்தில் அதற்கான குறிப்பைப் பாருங்கள். வேலையிடத்துச் சாவுகளுக்குப் பகிரங்க விசாரணை 1895 சட்டத்துக்குப் பிறகே வந்தது. அதற்கு முன் நடந்தது என்ன என்று சொல்வது பத்திரிகை மட்டும்தான்.

1877 அக்டோபர் 22 அன்று பிளான்டயர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1881 அக்டோபர் 14 புயலில் 189 மீனவர்கள் மூழ்கினார்கள். அவர்களில் 129 பேர் ஐமவுத் என்ற ஒரே ஊர்க்காரர்கள். இப்படிப்பட்ட பேரிடர்களின்போது பத்திரிகைகள் பெயர், முகவரி, விட்டுச்சென்ற மனைவி மக்கள் என்று பட்டியல் போட்டன. முதல் நாள் பட்டியலில் தவறு இருக்கும். ஒரு வாரத்துக்குப் பிந்தைய இதழையும், நிவாரண நிதிச் செய்திகளையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் பாட்டி இலங்கை மலையகத்தில் ஒரு ஸ்காட்லாந்து துரையின் மகள் என்பார்கள். தேட முடியுமா?

முடியும், ஆனால் பொறுமை வேண்டும். தோட்டத் துரைமார்களில் கணிசமானோர் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தவர்கள். இலங்கைத் தேயிலையின் முன்னோடி ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் பிறந்து, லூல்கந்துரைத் தோட்டத்தில் வாழ்ந்து, 1892-இல் இறந்து கண்டி மகியாவை இடுகாட்டில் கிடக்கிறார். இன்றும் ஹோலிரூட், பால்மோரல், டன்சினேன், ஸ்ட்ராத்ஸ்பே என்று ஸ்காட்லாந்துப் பெயரில் தோட்டங்கள் உண்டு.

முதல் வேலை, பாட்டி சொன்ன தமிழ்த் தோட்டப் பெயருக்கு ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடிப்பது. அப்புறம் ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியின் அந்தந்த வருடத் தொகுதியில் அந்தத் தோட்டத்தை யார் நடத்தினார் என்று பாருங்கள். பெயர் கிடைத்ததும் அபர்தீன் பக்கத்துப் பத்திரிகைகளுக்கும் கல்லறைகளுக்கும் திரும்புங்கள். பெற்றோரின் கல்லிலேயே இலங்கையில் இறந்த மகனின் பெயரையும் சேர்த்துக் கொத்துவது அங்கே வழக்கம். ஆனால் அந்தக் கல்லிலோ அறிவிப்பிலோ தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பாட்டி சொன்ன சொல்லும் ஓர் ஆவணம்தான். யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று தேதி போட்டு எழுதிவையுங்கள்.

நேரில் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

போவதற்கு முன் அந்தப் பகுதியின் குடும்ப வரலாற்றுச் சங்கம் கல்லெழுத்துகளைத் தொகுத்திருக்கிறதா என்று கேளுங்கள். தொகுத்த காலத்தில் படிக்க முடிந்த கல் இப்போது உதிர்ந்திருக்கலாம்.

சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், இரும்புத் தூரிகை வேண்டவே வேண்டாம். அங்குள்ள மணற்கல் மிருதுவானது. எழுத்து தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியை வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சிப் படம் எடுங்கள், மங்கிய எழுத்தும் நிழலில் எழும். இரண்டு பக்கத்திலும் உள்ள கற்களையும் எடுங்கள். லேர்களை உறவினர் சேர்ந்தே வாங்கியிருக்கலாம். கல்லின் பின்புறத்தையும் சுற்றிப்போய்ப் பாருங்கள். சிறு வயதில் இறந்த பிள்ளைகளின் பெயர் சில நேரம் அங்கே இருக்கும்.